அணில் வாயிலிருந்து கொய்யாவைக் காப்பாற்றுவது எப்படி

சிங்கப்பூரில் தரைவீட்டுக் கொல்லையிலோ புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள சமூகத் தோட்டத்திலோ கொய்யா, மா, பப்பாளி என்று ஏதாவது ஒரு பழமரம் வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், அணிலைப் பற்றித்தான் முதலில் புலம்புவார். இணையத்தில் தேடினால் முயலை விரட்டும் வழிகள்தான் வண்டி வண்டியாக வருகின்றன: இரண்டு மூன்று அடி உயரத்துக்குக் கம்பிவலை அடித்து, அதன் அடிப்பாகத்தை அரையடி மண்ணுக்குள் புதைக்கச் சொல்கிறார்கள். முயலுக்கு அது சரிதான். ஆனால் இங்கே காட்டு முயல் கிடையாது, அணிலுக்கோ வேலி என்பது ஏணி. அதனால் தோட்டத்தை அடைக்கப் பார்க்காமல் பழத்தை மூடுங்கள்.

அதற்கு முன்னால், கடித்தது அணில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இருட்டும்போது ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை மரத்தைப் பாருங்கள். அணில் பகலில் மட்டுமே நடமாடும், அதிலும் காலையிலும் பின்மாலையிலும்தான் சுறுசுறுப்பு அதிகம். இரவில் பழம் போயிருந்தால் அது வௌவாலாகவோ எலியாகவோ இருக்கும். வௌவால் பழத்தை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருண்டையாகத் துப்பும், அந்தச் சக்கை மரத்தடியிலோ கார் நிறுத்துமிடத்துச் சுவரிலோ ஒட்டிக் கிடக்கும். பறவை என்றால் அலகால் குத்திய குழி. அணில் என்றால் பழத்தின் தோலில் இரண்டிரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் பல் சுரண்டிய கோடுகள் தெரியும், கொட்டை வரைக்கும் குடைந்திருக்கும். இங்கே நாம் அதிகம் பார்ப்பது முதுகில் மூன்று கோடு போட்ட நம் ஊர் அணில் இல்லை, வயிறு செம்பழுப்பாக, விலாவில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட வேறு இனம். கறிவேப்பிலையும் எலுமிச்சை இலையும் ஓரம் ஓரமாகக் காணாமல் போனால் அணிலைத் திட்டாதீர்கள், அது பட்டாம்பூச்சிப் புழுவின் வேலை.

சரி, இப்போது பழத்துக்கு வருவோம். கொய்யா எலுமிச்சம்பழ அளவுக்கு வந்ததுமே பை கட்டிவிட வேண்டும், வாசனை வந்த பிறகு கட்டினால் பயனில்லை, ஏனென்றால் அதற்குள் பழ ஈ வந்து முட்டை வைத்திருக்கும், நீங்கள் அணிலிடமிருந்து காப்பாற்றிய பழத்தை வெட்டினால் உள்ளே புழு நெளியும். முதலில் நெருக்கமான கண்ணுள்ள துணிவலைப் பையை மாட்டுங்கள். அது ஈக்கு. துணியை அணில் நிமிடத்தில் கடித்துக் கிழித்துவிடும் என்பதால், அதற்கு மேல் ஒரு கம்பிவலைக் கூடு வேண்டும். ஹார்ட்வேர் கடையில் அரை அங்குலக் கண் வைத்த, துரு ஏறாத பூச்சுள்ள கம்பிவலை கேளுங்கள். கோழிக்கூண்டுக்குப் போடும் பெரிய கண் வலை வேண்டாம், அதில் மூக்கை நுழைத்தே கொறிக்கும். வலையை வெட்டி உருளையாகச் சுருட்டி, அடியை மடித்து, மேலே வாயைக் காம்பில் கட்டாமல் கிளையோடு சேர்த்துக் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். பழம் பெருத்த பிறகும் வலைக்கும் பழத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் வெளியே தொங்கியபடியே கண்ணுக்குக் கண் சுரண்டித் தின்றுவிட்டுப் போகும். வெட்டிய கம்பி முனைகளை வெளிப்பக்கம் நீட்டி விடாமல் மடித்து விடுங்கள், நம் கைக்கும் நல்லது, அதற்கும் நல்லது. ஒரு தடவை செய்துவிட்டால் இந்தக் கூடுகளை அடுத்த காய்ப்புக்கும் எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பை கட்டுவதென்றால் கீழ் மூலை இரண்டையும் வெட்டிவிடுங்கள், இங்கே வருடத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, தண்ணீர் தேங்கினால் பழம் அழுகிவிடும்.

பப்பாளிக்கு வேறு வழி இருக்கிறது. தனியாக நிற்கும் மரமென்றால் ஆளுயரத்தில் இரண்டடி அகலத் தகட்டைத் தண்டைச் சுற்றிக் கட்டுங்கள், நகம் பிடிக்காமல் வழுக்கும். ஆனால் சுவரோ கூரையோ பக்கத்து மரக்கிளையோ எட்டடிக்குள் இருந்தால் அங்கிருந்து ஒரே தாவு, தகடு வீண். மரம் பருக்கும்போது தகட்டைத் தளர்த்தவும் மறக்காதீர்கள். இதெல்லாம் முடியாதென்றால், தோலில் மஞ்சள் கீற்று விழுந்ததுமே பறித்து உள்ளே வைத்துப் பழுக்க விடுங்கள். மாங்காயும் சப்போட்டாவும் அப்படித்தான், அரிசி டின்னுக்குள் வைத்தால் தானாகப் பழுக்கும்.

மிளகாய்த்தூளைக் கரைத்துத் தெளிப்பதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அணிலுக்குக் காரம் உறைக்கும், உண்மைதான், ஆனால் ஒரு மழை போதும் எல்லாம் கழுவிக்கொண்டு போக, டிசம்பரில் தினமும் தெளிக்கவா முடியும்? பறவைக்கோ காரமே தெரியாது, மிளகாய்ச் செடியில் உட்கார்ந்து பழுத்த மிளகாயையே தின்னும். அதனால் நான் இதை யாருக்கும் சொல்வதில்லை.

தொட்டிச் செடிகளில் விதையைத் தோண்டுவதுதான் பிரச்சினை என்றால் மண்ணின் மேல் அதே அரை அங்குல வலையைப் பரப்பிக் கூழாங்கல் வைத்தால் போதும், முளை வலைக்கண் வழியாக வரும். காரிடாரில் தொட்டி வைத்திருப்பவர்கள் 1.2 மீட்டர் வழி விட்டிருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சாப்பாடு. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள், உரத்தொட்டியை மூடி வையுங்கள். அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைப்பது நம் வழக்கம், அதன் பின்னால் இருக்கும் மனசும் எனக்குப் புரிகிறது, ஆனால் இங்கே வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் தீனி போடுவது குற்றம், முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம். சட்டம் இருக்கட்டும், மதிலில் வைத்த சோற்றுக்கு முதலில் வருவது மைனாவும் அணிலும், இருட்டியதும் எலி. வந்தவை அப்படியே மரத்தையும் பார்த்துவிட்டுத்தான் போகும்.

விஷம், ஒட்டுப்பொறி, கூண்டு எதுவும் வேண்டாம். அனுமதியில்லாமல் காட்டு விலங்கைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம், அதோடு விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் பாம்பும் சாகும். மரம் முழுக்க மெல்லிய நைலான் வலை போர்த்துவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் கொண்டைக்குருவியும் மலைப்பாம்பும் சிக்கி, திமிறத் திமிற இழை சதைக்குள் இறங்கும். வலை போட்டே ஆக வேண்டுமென்றால் சுண்டுவிரல் நுழையாத கண் உள்ளதாக, வெள்ளை நிறத்தில், தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, தினமும் காலையில் ஒரு பார்வை பாருங்கள். ஏதாவது மாட்டியிருந்தால் வெறுங்கையால் பிரிக்கப் போகாமல் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண்ணான 1800-476-1600-ஐ அழையுங்கள், ஆள் வரும்வரை அதன் மேல் ஒரு துணியைப் போட்டு வெயில் படாமல் வையுங்கள்.