பந்திப்பூர் கடைவீதிக்குப் போவது எப்படி? (டும்ரேயில் தூங்காதீர்கள்)

காத்மாண்டுவிலிருந்து போக்ராவுக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கி ஒரு ராத்திரியாவது தங்க வேண்டிய ஊர் பந்திப்பூர். காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார்களின் ஊர். சுமார் 1,030 மீட்டர் உயரத்தில், மலைமுகட்டின் மேல் ஒரு கடைவீதி. வண்டிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. விசா, பணம் மாற்றுவது பற்றிய விவரமெல்லாம் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். நேரே பஸ்ஸுக்கு வருகிறேன்.

படி 1: போக்ரா போகும் பகல் பஸ்ஸில் வலது பக்க ஜன்னல். ஆறு அந்தப் பக்கம்தான்.

படி 2: டும்ரேயில் இறங்குவது. நான் கோட்டை விட்டது இங்கேதான். பஸ் பந்திப்பூருக்குள் போகாது. அடிவாரத்தில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் டும்ரே என்ற சின்ன ஊரில் இறக்கிவிடும். அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தால் டமௌலி. அப்புறம் எதிர்த்திசையில் லோக்கல் பஸ் பிடித்து, மடியில் யாருடைய அரிசி மூட்டையோ, திரும்பி வந்தேன். டும்ரேக்கு முன்னால் வரும் முக்லிங் ஊரைத் தாண்டியதும் எழுந்து உட்கார்ந்துவிடுங்கள். நடத்துநரிடம் முன்பே "தாய், டும்ரே" என்று சொல்லி வையுங்கள். நேபாளியில் தாய் என்றால் அண்ணன். மீசைக்காரரை அப்படிக் கூப்பிட நமக்குத்தான் சிரிப்பு வரும்.

இன்னொரு கண்ணி: டும்ரேயிலிருந்து வடக்கே பெசிசஹருக்கும் ஜீப் போகிறது. முதுகில் பெரிய பையைப் பார்த்தால் அன்னபூர்ணா மலையேற்றத்துக்கு வந்தவர் என்று நினைத்து ஏற்றிவிடுவார்கள். நமக்கு வேண்டியது தெற்கே பந்திப்பூருக்குப் போகும் ஜீப், 8 கிலோமீட்டர் ஏற்றம். ஏறும் முன் ஊர்ப் பெயரை இரண்டு தரம் கேளுங்கள்.

படி 3: வீதி தொடங்கும் இடத்திலேயே வண்டி நின்றுவிடும். அதற்கு மேல் கற்பலகை பாவிய தரை. உருட்டுப் பெட்டி அங்கே தடதடவென்று ஊரையே எழுப்பும். முதுகுப்பைதான் சரி. மழை பெய்திருந்தால் தேய்ந்த செருப்பும் வேண்டாம்.

படி 4: பகல் கூட்டம் இறங்கிப் போன பிறகு, சாயங்காலம் நடங்கள். இருபுறமும் செங்கல் வீடுகள், கீழே கடை, மேலே செதுக்கிய மர ஜன்னல். பதினெட்டாம் நூற்றாண்டில் கோர்க்கா மன்னர் பிருத்வி நாராயண் ஷா காத்மாண்டுப் பள்ளத்தாக்கைப் பிடித்த பிறகு பக்தபூரிலிருந்து வந்த நேவார் வியாபாரிகள் கட்டிய ஊர் இது. கீழே மலேரியா, மேலே நல்ல காற்று. இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையிலான சரக்கு இங்கே கை மாறியது. பிறகு மலேரியா ஒழிந்தது, நெடுஞ்சாலை பள்ளத்தாக்கோடு போனது, மாவட்டத் தலைமையகமும் கீழே இறங்கிவிட்டது. எங்கே என்கிறீர்கள்? நான் தூங்கிப் போய் இறங்கிய அதே டமௌலிக்கு! வியாபாரம் போனதால் பழைய வீடுகளை இடித்துக் கட்ட யாரிடமும் காசில்லை. இன்று நாம் பார்க்க வருவது அந்த வீடுகளைத்தான்.

பசித்தால் பாரா கேளுங்கள். அரைத்த உளுந்து மாவைக் கல்லில் கையாலேயே வட்டமாகத் தட்டுகிறார்கள். ஓரம் மொறுமொறுவென்று சிவக்கும், நடு மெத்தென்று இருக்கும். ஓட்டையில்லாத வடை என்று நான், குட்டி அடை என்று மனைவி; சண்டை இன்னும் தீரவில்லை. சைவர்கள் கவனிக்க: சோயிலா என்ற நேவார் மசாலா உணவு பெரும்பாலும் எருமை இறைச்சி.

படி 5: விடியலில் துண்டிகேல் மைதானம். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே பனிமலை வரிசை முழுக்கத் தெரியும். அக்டோபர், நவம்பரில் போவது நல்லது. ஏப்ரலில் நான் பார்த்தது வெறும் புகைமூட்டம்.

பிற்சேர்க்கை: ஊருக்குக் கீழே மலைச்சரிவில் இருக்கும் சித்த குகைக்கு இறங்கிவிட்டுத் திரும்ப ஏற முடியாமல் முழங்கால் வீங்கியதாக ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். திரும்ப ஏறாதீர்கள். ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் பையோடு இறங்கி, குகையைப் பார்த்துவிட்டு, அப்படியே கீழே பிமல்நகரில் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். குகைக்குள் இரண்டு கையும் வேண்டியிருக்கும். போன் வெளிச்சத்தை நம்பாமல் தலையில் மாட்டும் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.