பட்டுக்கூட்டுல இருந்து ஃபைப்ரோயின் எடுத்து ஃபிலிமும் ஸ்பாஞ்சும் பண்றது எப்படி

லேபுக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் நேரா ஸ்காஃபோல்டு (செல் ஒட்டி வளர்றதுக்கான துளையுள்ள சட்டகம்) பத்திதான் கேக்குறாங்க, எந்த சைஸ் உப்பு போடணும், துளை எவ்ளோ பெருசா வரும்னு. ஆனா அதோட தலையெழுத்து முதல் அரை மணி நேரம் கொதிக்கிற தண்ணியிலயே முடிவாயிடுது, அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கலாம்.

மல்பெரி பட்டு நூல்ல ரெண்டு புரதம் இருக்கு. உள்ள ஃபைப்ரோயின், அதைச் சுத்தி பசை மாதிரி செரிசின். ரெண்டும் சேர்ந்தே உடம்புக்குள்ள போனா அழற்சி வர வாய்ப்பு அதிகம், அதான் முதல் வேலையே பசையை எடுக்குறது. கறை இல்லாத கூடா பாத்து எடுங்க, கத்தரிக்கோலால நாலா வெட்டி உள்ள இருக்குற புழுவையும் அதோட தோலையும் தட்டிக் கொட்டிடுங்க. சாயம் போட்ட நூல் வேணவே வேணாம், அதுல என்னென்ன கெமிக்கல் இருக்குன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

5 கிராம் கூட்டுக்கு 2 லிட்டர் தண்ணி, 4.24 கிராம் சோடியம் கார்பனேட். தண்ணி நல்லா தளதளன்னு கொதிச்ச அப்புறம்தான் கூட்டைப் போடணும், போட்டதும் டைமர ஆன் பண்ணுங்க, 30 நிமிஷம், நடுநடுவுல கிளறி விடுங்க. இந்த 30 நிமிஷத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீங்க. ஃபைப்ரோயினோட பெரிய புரதச் சங்கிலி கிட்டத்தட்ட 3,90,000 டால்டன் (மூலக்கூறு எடையோட அலகு), கொதிக்கக் கொதிக்க அது துண்டு துண்டா உடையுது, 10 நிமிஷத்துல எடுத்தா சங்கிலி நீளமா, கரைசல் கெட்டியா இருக்கும், செய்யுற பொருளும் மெதுவா கரையும், ஒரு மணி நேரம் விட்டா எல்லாம் தலைகீழ். அதனால எத்தன நிமிஷம் கொதிச்சதுன்னு பாட்டில் மேல எழுதி ஒட்டாத கரைசலை வெச்சு எந்த ரிசல்ட்டையும் ஒப்பிட முடியாது.

அப்புறம் சுத்தமான தண்ணியில 3 தடவை அலசுங்க, ஒவ்வொண்ணும் 20 நிமிஷம். நல்லா பிழிஞ்சு, பிரிச்சு விட்டு, ராத்திரி பூரா ஹூட்ல (லேப்ல காத்தை வெளிய இழுக்குற பெட்டி) காய வைங்க. காஞ்சதும் எடை போடணும், 5 கிராம் இப்போ 3.6 கிராம் பக்கம் வந்திருக்கணும். எடை நாலே கால், நாலரைன்னு நின்னா பசை இன்னும் போகலை இல்ல ஈரம் காயலைன்னு அர்த்தம். கையால தொட்டாலே தெரியும், பசை போன நார் பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கும்.

அடுத்து கரைக்கிறது. 9.3 மோலார் லித்தியம் புரோமைடு, அதாவது 15 மில்லி வேணும்னா 12.1 கிராம் உப்பு. தண்ணியில உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, நல்லாவே சூடாகும், கிளவுஸ் கண்ணாடி இல்லாம கிட்டயே போகாதீங்க. ஒரு கிராம் நாருக்கு 4 மில்லி கணக்கு. சின்ன பீக்கர்ல நாரை அழுத்தி வெச்சு மேல கரைசலை ஊத்தி மூடி, 60 டிகிரி ஓவன்ல 4 மணி நேரம். முடிஞ்சப்ப தேன் கலர்ல, கட்டி இல்லாம தெளிவா இருக்கணும்.

இப்போ உப்பை வெளிய எடுக்கணும். 3,500 டால்டன் டயாலிசிஸ் பைல (உப்பு வெளிய போகும், பெரிய புரதம் உள்ளயே நிக்கும்) போட்டு நிறைய தண்ணியில 48 மணி நேரம், தண்ணிய 6 தடவையாவது மாத்துங்க, முதல் ரெண்டு மாத்தல் சீக்கிரமா இருக்கட்டும். பைய வழிய வழிய நிரப்பாதீங்க, தண்ணி உள்ள ஏறி உப்பிடும். அப்புறம் 4 டிகிரியில சென்ட்ரிஃபியூஜ்ல 9,000 ஆர்பிஎம்ல 20 நிமிஷமா ரெண்டு தடவை சுத்தினா அடியில குப்பை தங்கிடும். வர்றது சுமார் 7 சதவீதம். நிச்சயமா தெரியணும்னா ஒரு மில்லிய எடை போட்ட தட்டுல காய வைங்க, 0.07 கிராம் மிஞ்சினா 7. ஃபிரிட்ஜ்ல வைங்க, ஒரு மாசம் வரைக்கும் ஓடும், ஆனா தயவு செஞ்சு குலுக்காதீங்க, வார்டெக்ஸ்ல (குழாயை வேகமா அதிர வெச்சுக் கலக்குற மெஷின்) வைக்கவே வைக்காதீங்க. குலுக்கினா சங்கிலிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஜெல் ஆயிடும், திரும்பக் கரைசலா மாறாது.

ஃபிலிம் வேணுமா, பெட்ரி டிஷ்ல ஊத்தி காய விட்டா போதும். ஆனா காஞ்ச உடனே அதைத் தண்ணியில போட்டா கரைஞ்சு போயிடும், உள்ள பீட்டா ஷீட் (சங்கிலிங்க அடுக்கடுக்கா இறுகி நிக்கிற அமைப்பு) இன்னும் உருவாகலை. மெத்தனால்ல நனைச்சா சீக்கிரம் உருவாகும், ஆனா நொறுங்குற மாதிரி ஆயிடும். காயத்து மேல வளைஞ்சு ஒட்ட வேண்டிய ஃபிலிம்னா எனக்குப் பிடிச்சது நீராவி வழிதான்: டெசிகேட்டர் (காத்துப் புகாம மூடுற ஜாடி) அடியில தண்ணி, மேல ஃபிலிம், வேக்குவம் போட்டு ராத்திரி பூரா விடுங்க.

ஸ்பாஞ்சுக்கு 2 மில்லி கரைசல்ல 4 கிராம் சோடியம் குளோரைடு உப்பு, 500ல இருந்து 600 மைக்ரான் சல்லடையில சலிச்சது, மெதுவா தூவி தட்டி விடுங்க. ஒண்ணு ரெண்டு நாள் அப்படியே இருந்தா உப்பே அதை இறுக வெச்சிடும், அப்புறம் 2 நாள் தண்ணிய மாத்தி மாத்திக் கழுவுங்க. துளை கிட்டத்தட்ட உப்போட அளவுக்கு வரும். 121 டிகிரி ஆட்டோகிளேவையும் தாங்கும். ஆனா இது செல் வளர்த்துப் பாக்குறதுக்கு மட்டும்தான், கிருமி செத்தாலும் எண்டோடாக்சின் (பாக்டீரியா விட்டுப்போற நச்சு) அப்படியே இருக்கும், யாரோட புண்ணு மேலயும் இதை வெச்சிடாதீங்க.

மல்பெரி ஃபைப்ரோயின்ல செல் பிடிச்சுக்கிற ஆர்ஜிடி வரிசை (மூணு அமினோ அமிலத் தொடர்) இல்ல, டசர், மூகா மாதிரி மல்பெரி அல்லாத பட்டுல இருக்கு, அப்ப அதையே எடுக்கலாமேன்னு தோணும். அந்த நார் இந்த லித்தியம் புரோமைடுக்கெல்லாம் மசியாது, பெரும்பாலும் புழுவோட பட்டுச் சுரப்பியில இருந்தே நேரா எடுப்பாங்க, அது வேற வேலை.