மஞ்சளோடு மிளகு: எவ்வளவு, எதற்கு?

சேலம் லீ பஜார் மஞ்சளும், ஏற்காடு காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறும் மிளகும் நம் சமையலறையில் சேருவது வழக்கம்தான். இதில் கொஞ்சம் அறிவியலும் இருக்கிறது.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். குடலும் கல்லீரலும் அதை வேகமாக மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் என்ற பொருள் அந்த வேகத்தைத் தடுக்கிறது. பெங்களூரில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் அளவு சுமார் 20 மடங்கு கூடியது. அந்தப் பைப்பரின் கால் டீஸ்பூன் மிளகுத்தூளிலேயே கிடைத்துவிடும். ஆனால் 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். எந்த ரசத்தில் அவ்வளவு போடுவது?

அதனால், தாளிக்கும் எண்ணெயிலேயே மஞ்சளைச் சேர்த்து, கடைசியில் மிளகைத் தட்டிப் போடுங்கள், போதும். ருசிக்கும் நல்லது. மருந்தாக நினைக்க வேண்டாம்.

அப்புறம், "மஞ்சள் புற்றுநோய் செல்லைக் கொல்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலா, மனிதரிடமா என்று பாருங்கள். தட்டில் நேரடியாக ஊற்றும் அளவு, சாப்பாட்டு வழியாக நம் செல்களை எட்டுவதில்லை.

பைப்பரின் சேர்த்த மஞ்சள் மாத்திரை வேறு விஷயம். வலிப்பு மருந்தோ ரத்தம் உறையாமல் இருக்க மருந்தோ எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.