ஏணிப்பரணை மான் கண்ணுக்கு மறைக்கும் வேலை

போன வருஷம் ஏப்ரலில் என் அக்கா மகன் மான் வேட்டைக்கு ஒரு ஏணிப்பரண் வாங்கிக்கொண்டு வந்தான். 15 அடி உயரம், மூன்று துண்டாகப் பூட்டும் இரும்பு ஏணி, உச்சியில் ஒரு இருக்கை, அதைச் சுற்றி இடுப்பளவு கம்பி. பச்சையும் கறுப்புமாகப் பெயின்ட் பளபளத்தது. "மாமா, இதை எங்கே வைத்தாலும் மானுக்குத் தெரியாதாம், கடைக்காரர் சொன்னார்" என்றான். கடைக்காரரிடம் எந்த மான் வந்து சொன்னதோ!

மொரிஷியஸில், மகேபூருக்கு வடக்கே பாம்பூ மலைச்சரிவில் இருக்கும் ஒரு சாஸேயில், அதாவது மான் வேட்டைக் காட்டில், 28 வருஷமாகப் பரண் கட்டுவதும் மறைப்பதும்தான் என் வேலை. இங்கே பேசும் கிரியோல் மொழியில் பரணை மிராடோர் என்பார்கள். என் ஆயா வாயில் அது எப்போதும் பரண்தான், எனக்கும் அப்படியே வந்துவிட்டது.

இந்த மான் மொரிஷியஸின் சொந்த மான் அல்ல. 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. டோடோ பறவை அழிந்துபோய்விட்டது, மான் தங்கிவிட்டது. நாட்டுச் சின்னத்தில் மட்டும் இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. இங்கே புலி கிடையாது, சிறுத்தை கிடையாது. அதனால் மான் ஏமாளியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். இத்தனை தலைமுறையாக அதற்கு மனுஷன் ஒருவன்தான் பயம். அது தேடுவது உங்களைத்தான்.

மருமகனிடம் முதலில் சொன்னது இதுதான்: இலை கட்டுவது கடைசி வேலை. ஆனால் எல்லாரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

முதல் வேலை காற்று. வேட்டை சீசன் ஜூனில் ஆரம்பிக்கும்போது இங்கே தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். ஆகவே மான் வரும் தடம் உங்களுக்குத் தென்கிழக்கிலும், நீங்கள் ஏறிவரும் பாதை வடமேற்கிலும் இருக்க வேண்டும். மேட்டில் இந்தக் கணக்கு போதும். பள்ளத்தில் ஏமாற்றும். விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறினால் அதே காற்று மேலே போகும். இலவம்பஞ்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அந்த மரத்தடியில் நின்று ஒரு துளி பறக்கவிட்டுப் பாருங்கள். மூன்று நாள் பார்த்த பிறகு மரத்தை முடிவு செய்யலாம். பஞ்சு தடத்துப் பக்கம் போனால் வேறு மரம் தேடுங்கள். எவ்வளவு இலை கட்டினாலும் வாசனையை மறைக்க முடியாது.

அப்புறம் மரம். எனக்குப் பிடித்தது ஜாம்லோன், நம்ம நாவல் மரம்தான். இலை உதிர்ந்து மொட்டையாகாது, அடியிலிருந்தே இரண்டு மூன்று கிளையாகப் பிரியும், கட்டை உறுதி. யூகலிப்டஸ் நேராக வளரும் என்று பலர் அதைத் தேடிப்போகிறார்கள்; ஆனால் அது தனித்தூண் மாதிரி நிற்கும், உரிந்து தொங்கும் பட்டை காற்றில் சடசடக்கும். ரவெனாலில் கட்டவே கூடாது. அது விசிறி மாதிரி பார்க்க அழகு, ஆள் பாரத்தைத் தாங்காது.

இங்கே ஜூன், ஜூலையில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும். தென்கிழக்கைப் பார்த்து உட்கார்ந்தால் மத்தியானத்துக்கு மேல் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். கண் கூசாது, நல்லதுதான். ஆனால் கீழே நிற்கும் மானுக்கு நீங்கள் வெளுத்த வானத்தின் முன்னால் ஒரு கரிய பொம்மை. ஆகவே முன்னால் மறைப்பதைவிட முதுகுக்குப் பின்னால் மறைப்பதுதான் முக்கியம். ஏணியை நிறுத்தும் முன் மான் தடத்தில் குந்தி உட்கார்ந்து மரத்தை அண்ணாந்து பாருங்கள். உங்கள் தலை வரும் இடத்தில் வானம் தெரிந்தால் அந்த மரம் சரிப்படாது, அல்லது பரணை இரண்டு அடி இறக்க வேண்டும். உயரம் கூட இருந்தால் நல்லது என்பது பாதி பொய். 12 அடியில் அடர்ந்த கிளைக்குள் இருப்பவனைவிட, 18 அடியில் வெட்டவெளியில் இருப்பவன் சீக்கிரம் மாட்டிக்கொள்வான்.

பரணைத் தடத்துக்கு நேர்முகமாக வைக்காதீர்கள். இருபது இருபத்தைந்து மீட்டர் தள்ளி, சற்றுச் சாய்த்து வையுங்கள். வலது கைக்காரர் என்றால் மான் இடப்பக்கமிருந்து வருகிற மாதிரி. அப்போது துப்பாக்கியைத் திருப்ப உடம்பை முறுக்க வேண்டாம். அசைவு குறைந்தாலே பாதி மறைந்த மாதிரி.

பளபளப்புக்கு மருந்து மங்கல் பெயின்ட். பச்சை வேண்டாம், மரப்பட்டை பச்சையா இருக்கிறது? சாம்பலும் பழுப்பும் கலந்து, பிரஷ்ஷால் இழுக்காமல் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி வையுங்கள். இருக்கையின் அடிப்பக்கத்தை மறந்துவிடுவார்கள். மான் முதலில் பார்ப்பது அதைத்தான். வேலையைச் சீசனுக்கு இரண்டு மாதம் முன்பே முடித்தால் பெயின்ட் வாசனை போய்விடும். ஏணித் துண்டுகள் சேரும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஏறும்போது கிறீச்சிடும். கால் வைக்கும் தட்டில் கோணி விரித்துத் தையுங்கள்.

நிறுத்துவதற்கு மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் அடியில் பிடிக்க, ஒருவர் ஏணியின் கட்டுப்பட்டையை மரத்தில் சுற்றி இறுக்க. பட்டை இறுகும்வரை கீழே இருப்பவர்கள் கையை எடுக்கக் கூடாது. ஏறும் முன் உடம்பு முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டியை மாட்டிக்கொள்ளுங்கள். துப்பாக்கி குண்டில்லாமல் கயிற்றில் மேலே வரட்டும். இதில் பேச்சே கிடையாது.

இப்போதுதான் இலை. என் முதல் சீசனில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். கொய்யாவே தெ ஷீன், அந்தச் சிவப்புச் சின்னக் கொய்யா, காடெல்லாம் கிடக்கிறதே என்று இரண்டு சுமை வெட்டிவந்து பரணைச் சுற்றிக் கட்டினேன். கயிறு இல்லாததால் மகேபூர் மீன் படகிலிருந்து வாங்கிய நீல நைலான் கயிறு. அன்றைக்குப் பார்க்கக் கல்யாணப் பந்தல் மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் இலையெல்லாம் துருப்பிடித்த நிறம். சுற்றிலும் பச்சைக் காடு, நடுவில் ஒரு வைக்கோல் போர், அதில் நீலக் கயிறு. ஒரு பெட்டை மான் வந்து நின்றது, தலையைத் தாழ்த்திப் பார்த்தது, உயர்த்திப் பார்த்தது, முன்னங்காலால் தரையைத் தட்டியது. போய்விட்டது. மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஜீன்ஸ் வேண்டாம், நீலத் தார்ப்பாய் வேண்டாம், வெளுப்பு கொடுக்கும் சோப்புத்தூளில் துவைத்த சட்டையும் வேண்டாம்; அந்தத் தூள் மானின் கண்ணுக்குத் துணியை மின்ன வைக்கும்.

அன்றிலிருந்து வெட்டிய கிளையை நான் நம்புவதில்லை. உயிருள்ள கிளையை வளைப்பேன். ஏப்ரலில் பரணை நிறுத்தியதும் பக்கத்திலிருக்கும் கொய்யாச் செடிகளில் விரல் தடிமன் உள்ள ஐந்தாறை எடுத்து, ஒடியாமல் மெல்ல மெல்ல இழுத்து, ஏணியின் இரு பக்கக் கம்பிகளிலும் கற்றாழை நார்க் கயிற்றால் தளர்வாகக் கட்டுவேன். தளர்வு முக்கியம், இறுக்கினால் பட்டை அறுந்து காய்ந்துவிடும். ஜூனுக்குள் அது தானே துளிர்த்து ஏணியை மூடிக்கொள்ளும். சில சாஸேகளில் லியான் செர்ஃப் படர்ந்திருக்கும், தமிழில் குருக்கத்தி, மாதவிக்கொடி. மான் பெயர் வைத்த கொடி! அது கிடைத்தால் ஒரு கிளையை ஏணியில் ஏற்றிவிடுங்கள். ஆனால் விட்டால் மரத்தையே அமுக்கிவிடும், வருஷா வருஷம் வெட்ட வேண்டும். கொய்யாவும் இதுவும் இங்கே வந்தேறிகள்தான், தாராளமாக வெட்டலாம். நாட்டு மரங்களில், முக்கியமாகக் கருங்காலியில், கை வைக்காதீர்கள்.

வெட்டிய கிளைதான் வழி என்றால், பரணிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளிப்போய் வெட்டுங்கள். வெட்டுவாய் கீழே, நுனி மேலே, அது மரத்தில் நிற்கும் விதமாகவே கட்டுங்கள். இலையின் வெளுத்த அடிப்பக்கம் உள்ளே போகட்டும். நான்கு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். கம்பி முழுவதையும் மூடாதீர்கள். இங்கே அடர்த்தி, அங்கே இடைவெளி என்று இருந்தால்தான் காடு மாதிரி இருக்கும். சுடுவதற்கு ஒரு முழம் அகலத்தில் ஜன்னல் போதும், அதையும் ஏப்ரலிலேயே திறந்துவிடுங்கள். மான் இரண்டு மாதம் பார்த்துப் பழகிய ஓட்டை அதற்கு ஓட்டையே அல்ல.

ஒரு விஷயம். மான் கண்ணுக்கு மறைந்த பரண் மனுஷர் கண்ணுக்கும் மறைந்துவிடக் கூடாது. நாய்களோடு விரட்டிவரும் ஆட்கள் உங்கள் பக்கம்தான் வருவார்கள். ஆரஞ்சுச் சட்டையோ பட்டையோ போட்டுக்கொள்ளுங்கள், மானுக்கு அது வெறும் மங்கல்தான். எந்தப் பரணில் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஏறும் முன் இருக்கையின் அடியை ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். மூஷ் ஜோன், அந்த மஞ்சள் குளவி, அங்கேதான் கூடு கட்டும். குரங்கு பார்த்துவிட்டால் காடே கேட்கக் கத்தும், அதற்கு வழி கிடையாது, உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சீசன் முடிந்ததும் இருக்கையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நவம்பருக்குப் பிறகு எப்போது புயல் வரும் என்று சொல்ல முடியாது. கட்டுப்பட்டையையும் அவிழ்க்க வேண்டும், மரம் பருக்கும்போது அது மரத்துக்குள் புதைந்துவிடும். வெயிலில் நைந்த பட்டையை அடுத்த வருஷம் மறுபடி கட்டாதீர்கள்.

மருமகன் செப்டம்பர் கடைசியில் ஒரு தொடை கொண்டுவந்தான். எங்கள் வீட்டில் புரட்டாசி விரதம் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவன் அத்தை அதை வாசலிலேயே நிறுத்தி, பக்கத்து வீட்டு ஃப்ரீசருக்கு அனுப்பிவிட்டாள்.