14 அங்குல கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? முதலில் வாட்டைப் பாருங்கள்

சென்னையில் வேலை, மதுரையில் வீடு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரயில். 15.6 அங்குல கேமிங் லேப்டாப்பை மூன்று வருடம் முதுகில் சுமந்த பிறகு, இனி 14 அங்குலம்தான் என்று முடிவெடுத்து ஒன்று வாங்கினேன். ஆர்டிஎக்ஸ் 4060 (என்விடியாவின் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப்), ரைசன் பிராசசர், ஒன்றரைக் கிலோ சொச்சம் எடை. என் அறை நண்பனிடமும் 4060தான், ஆனால் அவனுடையது தடித்த 16 அங்குல லேப்டாப். ஒரே கேம், ஒரே செட்டிங், இரண்டிலும் 1080பி (திரையில் 1920 x 1080 புள்ளிகள்). அவனுக்கு 90 எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தனை படங்கள்) வந்தது, எனக்கு 70ஐத் தாண்டவில்லை. டிரைவரை மாற்றிப் பார்த்தேன், விண்டோஸையே புதிதாகப் போட்டேன். ஒரு வாரம் அதிலேயே போனது. காரணம், பெட்டியின் மேல் அச்சடிக்காத ஓர் எண்.

அதே வாரம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எஸ்எஸ்டி எவ்வளவு, ஐ5ஆ ஐ7ஆ என்பதெல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்கும். அதை இங்கே தொடவில்லை.

படி 1: சார்ஜரோடு சேர்த்து எடை பாருங்கள்

விளம்பரத்தில் வரும் எடை லேப்டாப்புக்கு மட்டும். கேமிங் சார்ஜர் 180, 200, 240 வாட் என்று செங்கல் மாதிரி இருக்கும். அதைச் சேர்த்தால் 1.5 கிலோ இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். டைப்-சி வழியாக 100 வாட்டில் சார்ஜ் ஏறுமா என்று கேளுங்கள். ஏறும் என்றால் அலுவலக நாட்களில் சின்ன சார்ஜர் போதும், செங்கல் வீட்டிலேயே இருக்கலாம். கேம் விளையாட மட்டும் பெரிய சார்ஜர் கட்டாயம் வேண்டும்.

படி 2: ஜிபியுவின் வாட்டைக் கண்டுபிடியுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060க்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்கலாம் என்பதற்கு என்விடியா 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை இடம் கொடுத்திருக்கிறது (பிராசசருக்கு அதிகம் தேவைப்படாதபோது இதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் வாட் இதில் சேராது). அந்த எல்லைக்குள் எந்த எண்ணை வைப்பது என்பது லேப்டாப் செய்யும் கம்பெனியின் கையில். உடம்பு சிறிதாகும்போது ஃபேனும், சூட்டைக் கடத்தும் ஹீட் பைப்பும் சிறிதாகின்றன, எண்ணும் இறங்குகிறது. ஸ்டிக்கரில் எல்லாவற்றுக்கும் பெயர் 4060தான். முன்பெல்லாம் குறைந்த வாட் சிப் என்றால் பெயரிலேயே 'மேக்ஸ்-க்யூ' என்று இருக்கும். 2021இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது அந்த அடையாளம் பெயரிலிருந்து போய்விட்டது. அதனால் நாம்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஒரே பெயருள்ள லேப்டாப்பே வருடத்துக்கு வருடம் மாறும். ஏசுஸ் ஸெஃபிரஸ் ஜி14ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மாடலில் ஜிபியு 125 வாட் வரை போகும். 2024இல் உடம்பை மெல்லியதாக்கி, எடையை 1.5 கிலோவுக்குக் கொண்டு வந்தார்கள். வாட் 90க்கு இறங்கியது. ஹெச்பி ஓமன் டிரான்சென்ட் 14இல் 65தான். ரேஸர் பிளேடு 14இன் 2023 மாடல் 140 வரை போகும், எடை சுமார் 1.8 கிலோ. எடை குறைந்தால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அது தெரிந்து வாங்கினால் வருத்தம் வராது.

எங்கே பார்ப்பது? ஆன்லைன் கடையின் பக்கத்தை நம்பாதீர்கள். மாடலின் முழு எண்ணை, கடைசி எழுத்து வரை, எடுத்துக்கொண்டு கம்பெனியின் சொந்தத் தளத்தில் தேடுங்கள். 'டிஜிபி' (டோட்டல் கிராஃபிக்ஸ் பவர்) அல்லது 'மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்று இருக்கும். '65 + 25' என்று போட்டிருந்தால், 65 அடிப்படை அளவு. பிராசசருக்கு அதிகம் தேவைப்படாத நேரத்தில் கூடுதலாகக் கிடைப்பது அந்த 25.

லேப்டாப் கையில் இருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குப் போங்கள். உச்ச வாட் அங்கே தெரியும். என்னுடையதில் 60 என்று இருந்தது, நண்பனுடையதில் 115.

என் கருத்தில் 4060க்கு 80 வாட்டாவது வேண்டும். 100க்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாது. அதனால் 140 என்று யாராவது பெருமை பேசினால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

*பின்சேர்க்கை:* "கண்ட்ரோல் பேனல் 90 காட்டுகிறது, கேமில் 45தான் போகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில் அவர் டைப்-சி சார்ஜரில் விளையாடியிருக்கிறார். பேட்டரியிலோ சைலன்ட் மோடிலோ இருந்தாலும் இதேதான் நடக்கும். பெரிய சார்ஜரைச் செருகி, பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாற்றிவிட்டு அளந்து பாருங்கள். இன்னொருவருக்கு கண்ட்ரோல் பேனலே திறக்கவில்லை. சில லேப்டாப்களில் உள்ள 'எக்கோ' மோட், பேட்டரியை மிச்சப்படுத்த என்விடியா ஜிபியுவையே அணைத்துவிடும். அதை மாற்றினால் திறக்கும்.

படி 3: ரேம் கழற்ற முடியுமா?

2023 ஜி14இல் பாதி ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, மீதிக்கு ஒரு ஸ்லாட் இருந்தது. 2024இல் முழுவதும் பற்றவைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட லேப்டாப்பில் 16 ஜிபி வாங்கினால் கடைசிவரை 16தான். பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால், ஸ்லாட் எங்கே என்று கேளுங்கள். ஸ்லாட் இருக்கும் லேப்டாப் என்றால் ஒற்றை ரேமாக இல்லாமல் இரண்டாகப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒற்றை ரேம் எஃப்பிஎஸ்ஸைக் கடிக்கும், அதுவும் வாலரண்ட் போன்ற பிராசசர் வேலை அதிகமுள்ள கேம்களில் நன்றாகவே தெரியும்.

படி 4: திரை

2880 x 1800 ஓலெட் திரை பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதில் உள்ள புள்ளிகள் 1080பியைவிட இரண்டரை மடங்கு. 65 வாட் ஜிபியுவால் அத்தனையையும் புதிய கேம்களில் ஓட்ட முடியாது. கேமுக்குள் 1920 x 1200க்கு இறக்குங்கள், அல்லது டிஎல்எஸ்எஸ் (குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியா வசதி) போடுங்கள். 14 அங்குலத்தில் வித்தியாசம் கண்ணை உறுத்தாது.

படி 5: அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்

முதல் ஐந்து நிமிட எண் உதவாது. சூடேறிய பிறகுதான் உண்மை தெரியும். நான் நம்புவது இரண்டு கருவிகளை. ஹெச்டபிள்யூஇன்ஃபோ சென்சார்களைக் காட்டும். அதை இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டலாம், சென்னை ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடையில்கூடக் கேட்டுப் பார்க்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் கேமின் மேலேயே வாட், வெப்பம், எஃப்பிஎஸ் மூன்றையும் காட்டும். ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருள் வேண்டாம். எந்த கேமும் ஜிபியுவை அப்படிப் பிழிவதில்லை, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அரை மணி நேரத்துக்குப் பிறகும் வாட் அதே இடத்தில் நின்றால் நல்ல லேப்டாப். 90இல் தொடங்கி 60க்குச் சரிந்தால் உள்ளே காற்று போதவில்லை. ஏசி அறையில் சோதித்துவிட்டு மே மாத மதுரையில் அதே எண்ணை எதிர்பார்க்காதீர்கள். அறை பத்து டிகிரி சூடானால் உள்ளேயும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். பின்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு பாட்டில் மூடிகளை வைத்துத் தூக்கிவிடுங்கள். அப்புறம் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' என்பதை 99 ஆக்குங்கள். பிராசசரின் டர்போ (வேகத்தைத் தானாகக் கூட்டிக்கொள்வது) நின்று, சூடு சட்டென்று இறங்கும். பல கேம்களில் எஃப்பிஎஸ் குறைவது தெரியவே தெரியாது.

*இன்னொரு பின்சேர்க்கை:* சில லேப்டாப்களில் அந்த 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' வரியே காணவில்லை என்று நான்கைந்து பேர் எழுதிவிட்டார்கள். கம்பெனியின் சொந்தக் கண்ட்ரோல் மென்பொருளில் டர்போவை அணைக்கவோ பிராசசர் வாட்டைக் குறைக்கவோ வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஏசுஸ் வைத்திருப்பவர்கள் ஜி-ஹெல்பர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். அதில் 'சிபியு பூஸ்ட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை 'டிசேபிள்டு' ஆக்கினால் அதே பலன் கிடைக்கும்.

நான் அந்த 60 வாட் லேப்டாப்பை மாற்றவில்லை. 60 எஃப்பிஎஸ்ஸில் பூட்டி வைத்து, 1200பியில் விளையாடுகிறேன். வெள்ளி இரவு எக்மோரில் ரயிலேறும்போது தோள் வலிப்பதில்லை.