செருப்பு வார் பட்ட இடத்தில் அரிக்கிறதா?

ரப்பர் செருப்பின் வார் படும் இடத்தில் மட்டும், வாரின் வடிவத்திலேயே இரண்டு காலும் சிவந்து அரித்தால் சேற்றுப்புண் களிம்பைத் தேடாதீர்கள். சேற்றுப்புண் பெரும்பாலும் சுண்டுவிரல் இடுக்கில்தான் தொடங்கும். இது ரப்பரில் கலந்த ரசாயனம் ஒவ்வாமல் வருவதாக இருக்கலாம்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பாலை உறையவைத்து அடிக்கும் ஷீட்டில் அந்த ரசாயனம் கிடையாது. ஆலையில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும்போது, வேலை விரைவாக முடிய மெர்காப்டோபென்சோதயசோல், தையூரம், கார்பமேட் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். செருப்பில் முதலாவதும் கையுறையில் மற்ற இரண்டும் அதிகம். வியர்வையும் மழைநீரும் இவற்றைத் தோலுக்கு இழுத்துவரும். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் நனைந்த செருப்போடு நாள்முழுக்க நடப்பதுதான் பெரிய கேடு.

பட்டவுடன் அரிக்காது, ஒன்றிரண்டு நாள் கழித்தே கிளம்பும். காரணம் பிடிபடாமல் போவது அதனால்தான். மாறாக, ரப்பர் பட்ட சில நிமிடங்களில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் அது ரப்பர் பாலின் புரதத்தால் வரும் வேறு ஒவ்வாமை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிறகு பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போனால் இந்த ஒவ்வாமையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாரை மட்டும் மாற்றிப் பயனில்லை; அடிப்பாகமும் ரப்பர்தானே. முழுக்க பாலியூரித்தேனில் வார்த்த செருப்பு வாங்குங்கள். தோல் செருப்பு என்றால் ஒட்டியதைவிடத் தைத்தது மேல், பசையிலும் ஒவ்வாத பிசின் உண்டு. பழைய ஷூவோடு போட்ட சாக்ஸையும் கழித்துவிடுங்கள். ரசாயனம் அதில் ஊறியிருக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது.

கையுறையில் பலர் ஏமாறுவது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில். ‘லேடெக்ஸ் இல்லை’ என்றால் ரப்பர் பால் இல்லை என்றுதான் அர்த்தம். அதே தையூரமும் கார்பமேட்டும் அதில் இருக்கலாம். மீன் கழுவ, பாத்திரம் தேய்க்க வினைல் (பிளாஸ்டிக்) கையுறை போதும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, நனைந்ததும் மாற்றுங்கள்.

ஜட்டி, பாவாடை எலாஸ்டிக்கை பிளீச்சிங் போட்டு வெளுக்கவே கூடாது. பிளீச்சிங், எலாஸ்டிக் ரப்பரில் இருக்கும் சில கார்பமேட்டை இன்னும் கடுமையான ஒவ்வாப் பொருளாக மாற்றிவிடும்.

உறுதிசெய்ய, தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். சந்தேகப்படும் ரசாயனங்களை முதுகில் 48 மணி நேரம் ஒட்டி வைத்து, எடுத்ததும் ஒருமுறை, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். ஒட்டியது நனையக் கூடாது. முந்தைய வாரம் முதுகில் ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் சொல்லுங்கள். சந்தேகப்படும் செருப்பையும் கையுறையையும் கூடவே எடுத்துப்போங்கள், அதில் ஒரு துண்டு வெட்டி ஒட்டியும் சோதிக்கலாம்.