குழாயில் தண்ணீர் ஓடாமல் வாலையைக் குளிர வைப்பது

வாலை, அதாவது ஆவியாக்கி வடிக்கிற பாத்திரம், என்று சொன்னாலே நம் ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஓமத் தீநீர் (ஓமத் தண்ணீர்), பன்னீர், வெட்டிவேர்த் தண்ணீர் வடிக்கிறவர்களுக்கான குறிப்பு. சாராயம் காய்ச்சுவது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அந்த எண்ணத்தில் படிக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வடிக்கிற வேலையில் அடுப்பு, பாத்திரம், மூடி எல்லாம் எளிதாக அமைந்துவிடும். ஆளைப் படுத்துவது குளிர்விக்கும் தண்ணீர்தான். படம் போட்டு விளக்குகிற எல்லாரும் ஒரு குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஆவி இறங்குகிற சுருள் குழாயைச் சுற்றி ஓடி வெளியே போவதாகக் காட்டுகிறார்கள். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்கிற கடலோர ஊரில் அது நடக்குமா? மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம், ஆகவே மாசிக்குப் பிறகு வாய்க்காலையும் நம்ப முடியாது. போர் இருக்கிறவர்களுக்குக் கரண்ட் இருக்க வேண்டும். பனிநாடுகளில் வடிக்கிறவர்களுக்கு உள்ள வம்பு வேறு: தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துக் குழாயையே வெடிக்க வைத்துவிடும், அதனால் வேலை முடிந்ததும் சொட்டு விடாமல் வடித்து வைப்பார்கள். நமக்கு அந்த வம்பு இல்லை. மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்கு உள்ள வம்பு தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருப்பது.

சரி, கணக்குக்கு வருவோம், ஏனென்றால் கணக்குத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீரின் ஆவி மறுபடி தண்ணீராகும்போது சுமார் 540 கிலோகலோரி சூட்டை வெளியே விடும் (ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றுகிற சூடுதான் ஒரு கிலோகலோரி). அந்தக் கொதிநீரை 100 டிகிரியிலிருந்து 40-க்கு இறக்க இன்னொரு 60. ஆக, வடிக்கிற ஒவ்வொரு லிட்டருக்கும் 600 கிலோகலோரியை எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கடைகளில் கிடைக்கிற 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை நிரப்பி அதற்குள் சுருளை இறக்கினால், 5 லிட்டர் வடித்து முடிப்பதற்குள் போகிற சூடு 3000 கிலோகலோரி, அதாவது டிரம் தண்ணீர் சராசரியாக 15 டிகிரி ஏறும். 28-ல் ஆரம்பித்தால் 43-ல் முடியும். வீட்டுத் தேவைக்கு 5 லிட்டர் ஓமத் தண்ணீர் தாராளம். ஒரு டிரம் தண்ணீர் போதும், அதையும் இழக்கப் போவதில்லை, சூடாக்கத்தான் போகிறீர்கள்.

ஆனால் சராசரி என்று சொன்னேன் பாருங்கள், அங்கேதான் சூட்சுமம். டிரம்முக்குள் கையை விட்டுப் பார்த்தால் தெரியும்: மேலே ஒரு சாண் ஆழத்துக்குக் கை வைக்க முடியாத சூடு, முழங்கை வரை இறக்கினால் அடியில் காலையில் ஊற்றிய அதே குளுமை. சூடான தண்ணீர் லேசு, மேலே வந்து மிதந்துகொண்டே இருக்கும், தானாகக் கலக்காது. இது நமக்கு நல்லதுதான். ஆவி சுருளின் மேல் முனையில் நுழைந்து கீழே இறங்க இறங்க மேலும் மேலும் குளிர்ந்த தண்ணீரைச் சந்திக்கும், கடைசியில் வெளியே வருவது நன்றாக ஆறியிருக்கும். அதனால் டிரம்மைக் கம்பால் கலக்காதீர்கள். நிறைய பேர் நல்லெண்ணத்தோடு செய்கிற தப்பு இது. கலக்கினால் அடியில் சேமித்து வைத்த குளுமையும் போய்விடும். மேலே கொதிக்கிற அளவுக்கு வந்தால் ஒரு சொம்பால் மேல் தண்ணீரை மட்டும் மொண்டு எடுத்துவிட்டு, புதுத் தண்ணீரை ஒரு புனலும் குழாயும் வைத்து அடிக்கு இறங்குகிற மாதிரி ஊற்றுங்கள். மேலேயே ஊற்றினால் கலங்கிவிடும்.

சுருளைப் பற்றி. ஏசி மெக்கானிக் சாமான் விற்கிற கடைகளில் செம்புக் குழாய் கிடைக்கும், அரை அங்குலம் வாங்குங்கள், கால் அங்குலம் வேண்டாம், இலைத் துணுக்கு அடைத்துக்கொள்ளும். வளைக்கும்போது நசுங்காமல் இருக்க, நன்றாகக் காய்ந்த ஆற்று மணலைச் சலித்துக் குழாய் முழுக்கத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையையும் மரக்கட்டையால் அடைத்து, ஒரு குடத்தின் வயிற்றைச் சுற்றி மெதுவாக வளையுங்கள். பிறகு மணலைக் கொட்டி, தண்ணீர் விட்டு அலசி, முதல் வடிப்பை வெறும் தண்ணீரில் செய்து கீழே கொட்டிவிடுங்கள். சுருள் எந்த இடத்திலும் தொய்யக்கூடாது. ஒரு சுற்று தொய்ந்தாலும் அங்கே தண்ணீர் தேங்கி, ஆவி அதைத் தள்ளிக்கொண்டு குபுக் குபுக்கென்று துப்பும். ஈயம் வைத்துப் பற்றவைத்த எதுவும் வேண்டாம், இது குடிக்கிற சமாச்சாரம்.

டிரம் வைக்க இடம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. அடுப்புப் பக்கத்தில் ஒரு 20 லிட்டர் வாளியில் சுருள், கொஞ்சம் உயரத்தில், திண்ணையிலோ மேசையிலோ, ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர். அதிலிருந்து மெல்லிய ட்யூப் ஒன்றை வாயால் உறிஞ்சி இறக்கி வாளியின் அடியில் விடுங்கள். வாளியின் மேல் ஓரத்தில் ஒரு துளை போட்டு, வழிகிற சூட்டுத் தண்ணீர் கீழே இன்னொரு பாத்திரத்தில் விழட்டும். மணிக்கு ஒரு லிட்டர் வடிக்கிற வேகத்துக்கு மணிக்கு 25 லிட்டர் இறங்கினால் போதும், அதாவது நிமிடத்துக்கு இரண்டு டம்ளர். ட்யூபில் ஒரு கிளிப் மாட்டி அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். மோட்டாரே வேண்டாம். மோட்டார்தான் வேண்டும் என்றால் ஏர்கூலருக்குள் இருக்குமே, அந்தச் சின்ன மோட்டார், அது போதும், இன்வெர்ட்டரிலேயே ஓடும். கீழ்ப் பாத்திரத்தின் அடியிலிருந்து எடுத்து வாளியின் அடியில் விட வேண்டும், வழிவது திரும்பக் கீழே வர வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு தண்ணீருக்குள் இருக்கிற மோட்டாரைத் தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்புறம் கை வையுங்கள். கரண்ட் போனாலும் பதற வேண்டாம், அந்த 20 லிட்டர் வாளி ஒரு மணி நேரத்தில் 30 டிகிரிதான் ஏறும், அடுப்பைக் குறைக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

ஐஸ் போடலாமே என்று கேட்பார்கள். நாகப்பட்டினம் பக்கம் இருக்கிறவர்களுக்கு மீனுக்கு வைக்கிற ஐஸ் பார் சுலபமாகக் கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி, உருகிய தண்ணீர் 40 டிகிரி வரை ஏற இன்னும் 40. ஆக, ஒரு லிட்டர் வடிக்க 5 கிலோ ஐஸ். கட்டுப்படியாகாது. ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து கடைசி நேரத்தில் இரண்டு மூன்று போடுவது பரவாயில்லை. அவை மிதக்கும், சூடு இருப்பதும் மேலேதான், அதனால் வேண்டிய இடத்திலேயே வேலை செய்யும். பாட்டிலை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், உறைந்து பிளந்துவிடும்.

அதைவிட நல்லது ஈரச் சாக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் காற்றில் காய்ந்து போனால் அது எடுத்துக்கொண்டு போகிற சூடு, நாம் ஒரு லிட்டர் வடிக்கும்போது வருகிற சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். அதனால் வழிகிற சூட்டுத் தண்ணீரை நேரே பாத்திரத்தில் விடாமல், கட்டித் தொங்கவிட்ட கோணிச் சாக்கின் மேல் பரவலாக வழிய விட்டுக் கீழே பிடித்தால் நிறையவே ஆறிவிடும். ஆடிக் காற்றில் இது அருமையாக வேலை செய்யும். ஐப்பசி கார்த்திகையில் துவைத்த துணியே காயாது, அப்போது சாக்கு நனைந்தபடி தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த மாதங்களில் டிரம்மை நம்புங்கள். என்னைக் கேட்டால் வடிப்பதற்குத் தோதான காலம் தை, மாசி. கிணற்றில் தண்ணீர் இருக்கும், காலையில் குளிரும், மழையும் விட்டிருக்கும். சித்திரையில் மொட்டைமாடி டேங்கிலிருந்து தண்ணீர் பிடிக்கவே பிடிக்காதீர்கள், அது வரும்போதே குளிக்க முடியாத சூட்டில் வரும். முதல் நாள் இரவே பிடித்து நிழலில் திறந்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விடச் செலவில்லாத குளிர்ச்சி அடுப்பைக் குறைப்பது. வெளியே வருகிற சொட்டுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் விழுந்தால் அதுதான் சரியான வேகம். ஆவி புகைந்துகொண்டு வந்தால் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள், தீயைக் குறையுங்கள். விறகடுப்பு என்றால் கட்டையை வெளியே இழுத்துவிடலாம், கேஸும் இண்டக்‌ஷனும் இன்னும் சுலபம். உமி அடுப்பு ஒரே சீராக எரியும், ஆனால் நினைத்தபோது குறைக்க முடியாது, பழகியவர்களுக்கு மட்டும். தென்னை மட்டை வேண்டவே வேண்டாம், குப்பென்று எரிந்து சட்டென்று அடங்கும்.

ரொம்பவும் குளிர வைப்பதும் தப்பு. ஓமத்தின் எண்ணெயில் இருக்கிற தைமால், அதாவது ஓம உப்பு, சில்லென்று ஆனால் பொடிப்பொடியாகக் கட்டிக் குழாய் வாயில் ஒட்டும். வெட்டிவேர் எண்ணெய் ஏற்கெனவே பிசுபிசுப்பு, குளிர்ந்தால் சுருளைவிட்டு இறங்கவே இறங்காது. நாகை, கடலூர் கரையோர மணலில் பிடுங்கிய நல்ல வேராக இருந்தாலும் எண்ணெய் எல்லாம் குழாயிலேயே தங்கிவிட்டால் என்ன பிரயோசனம்? வெளியே வருவது விரலுக்கு வெதுவெதுப்பாக, 35, 40 டிகிரியில் இருக்கட்டும். பன்னீருக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் ஆறியிருந்தால் மணம் நிற்கும்.

ஓமத்துக்கு நான் வைக்கிற அளவு ஒரு கிலோவுக்கு 10 லிட்டர் தண்ணீர், ஒன்றிரண்டாகத் தட்டி ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, 5 லிட்டர் வடிந்ததும் நிறுத்திவிடுவது. அதற்கு மேல் போனால் அடிப்பிடித்து தீய்ந்த வாடை வரும். மூடி இடுக்கைக் கோதுமை மாவுப் பசையால் அடைக்கலாம். அழுத்தம் ஏறினால் பசைதான் முதலில் பிய்த்துக்கொள்ளும், அது நல்லதுதான், எம்-சீல் எல்லாம் போட்டு இறுக்காதீர்கள். பிடிக்கிற பாட்டிலின் வாயை அடைக்கக் கூடாது, குழாய் முனை தண்ணீருக்குள் மூழ்கவும் கூடாது, அடுப்பு அணைந்து பாத்திரம் ஆறும்போது வடித்ததையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கைக்குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் வைத்தியரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முடிந்ததும் டிரம்மில் 40 டிகிரி சொச்சத்தில் 200 லிட்டர் வெந்நீர் நிற்கும். வீட்டில் எல்லாரும் குளிக்கலாம், புழுங்கலுக்கு நெல் ஊறப்போடுகிற வீடாக இருந்தால் அதற்கும் ஆகும். வேதாரண்யம் பக்கம் மாதிரி உப்பு போர்த் தண்ணீர் என்றால் குளிர்விக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் சுருளின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் படிந்துகொண்டே போகும், அந்தப் படிவு சூட்டை விடாது. புளியைக் கரைத்துத் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவி வைத்துவிடுங்கள். காய்ந்ததும் இரண்டு முனையிலும் துணியைச் சுருட்டி அடைத்து வையுங்கள். திறந்து கிடந்தால் குளவி மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டிவிடும், அடைந்த குழாயோடு அடுப்பைப் பற்றவைப்பது ஆபத்து. அடுத்த முறை எடுக்கும்போது துணியை உருவிவிட்டு ஒரு தடவை வாயால் ஊதி, மறுமுனையில் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்.